கணக்கும் கண்ணீரும்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்த காலத்தில் நான் எழுதிய கட்டுரையொன்று இன்றும் என்னிடம் உண்டு. 1978ஆம் ஆண்டு விடுதி மாணவர் நடத்திய இலக்கியப் போட்டியொன்றிற்காக எழுதியது. இரண்டாம் பரிசும் பெற்றது. தோட்டத்துத் தாயொருத்தியின் துயரக் கதையை அது கூறிற்று. அத்தாய் வேறு யாருமல்லள். என் தந்தையின் தாய், நாங்கள் 'அப்பாயி' என்று அழைத்த கிழவியே. அக்கட்டுரையை இன்று எடுத்துப் படிக்கும்போது வெட்கமே மேலிடுகின்றது. அந்த வெட்கத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அடிமைப்பட்டு வாழ்ந்தவர் தம் வாழ்க்கையைத் தாமே கூறும்பொழுது, அவர் கையாளும் மொழிநடை அக்கொடுமையை எவ்வாறு உணர்த்துகின்றது என்னும் கேள்விக்கு நான் கண்ட விடை, இந்த வெட்கத்தின் வழியாகவே எனக்குக் கிட்டியது.

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வழியில், நமுனுகுல மலையின் சாரலில் அமைந்த தோட்டமொன்றில் எங்கள் குடும்பம் வாழ்ந்தது. பரிசு பெற்ற மகிழ்ச்சியோடு விடுமுறைக்கு ஊர் வந்த நான், ஒரு மாலை லயத்தின் இஸ்தோப்பில் குப்பிலாம்பை வைத்துக்கொண்டு கட்டுரையை உரக்கப் படித்தேன். சித்தப்பாமாரும் பக்கத்துக் காம்பராக்காரரும் கூடியிருந்தனர். படித்து முடிந்ததும் எல்லாரும் "நல்லாருக்கு" என்றனர். அப்பாயி மட்டும் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "யாரு சாமி அந்தப் பொம்பள?" என்று கேட்டார். "நீங்கதான் அப்பாயி" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து போகுமுன், "அரைப் பேரு போட்டத எழுதலியா?" என்றார்.

"அதெல்லாம் கட்டுரையில வராது அப்பாயி" என்று நான் சொன்னேன். அந்த வாக்கியத்தை நான் சொல்லாதிருந்திருக்கலாம் என்று எண்ணாத ஆண்டு இல்லை.

கட்டுரை எழுதுவதற்கு முன்னைய விடுமுறையில் அப்பாயி கூறியதை நான் கொப்பியொன்றில் அப்படியே குறித்துக்கொண்டிருந்தேன். அக்கொப்பியும் தப்பியிருக்கின்றது. தம் இரண்டாவது பிள்ளை இறந்த நாளைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவே:

"மூணாம் நாளு காய்ச்சலு. காலையில பெரட்டுக்குப் போனேன். போகலேனா பேரு இல்ல, பேரு இல்லேனா அரிசி இல்ல. புள்ளயக் காம்பராவுல விட்டேன். நெரய முடிச்சிட்டுப் போன்னு கங்காணி சொன்னாரு. முடிச்சேன். மத்தியான நிறுவைக்குப் பதினொரு ராத்தல் இருந்திச்சி. தண்ணிக்கும் கூடைக்கும்னு ரெண்டு ராத்தல் கழிச்சாங்க. கீழ வந்தேன். புள்ள போயிருச்சி. அந்திக்குள்ள கொண்டுபோயி வச்சிட்டு வந்தாங்க. அன்னைக்கு அரைப் பேருதான் போட்டாங்க."

தோட்டவாழ்வை அறியாத வாசகர்க்குச் சில சொற்களை விளக்குதல் தகும். பெரட்டு என்பது விடியற்காலையில் தொழிலாளரைக் களத்தில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் நிகழ்ச்சி. பேர் என்பது ஒரு நாள் வேலைக்காகச் செக்றோலில் பதியப்படும் வரவு. இடையில் வேலையை விட்டுச் சென்றவர்க்கும், குறித்த அளவு கொழுந்து எடுக்காதவர்க்கும் அரைப்பேர் விழும். காம்பரா என்று அவர் இங்குக் குறித்தது, வேலைக்குப் போகும் தாய்மார் தம் குழந்தைகளை ஒரு கிழவியின் பொறுப்பில் விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவை. நிரை, கொழுந்து எடுப்பவளுக்குப் பிரித்துவிடப்படும் தேயிலை வரிசை.

இதை வைத்துக்கொண்டு நான் எழுதியது மூன்று பக்கம். அதில் தாயின் கண்கள் குருதி சொரிந்தன. நமுனுகுல மலை நாணித் தலைகுனிந்தது. தேயிலைத் தளிர்கள் பனிநீரைக் கண்ணீராய் உகுத்தன. கங்காணி 'கொடிய வேங்கை'யானான். தாய் அவன் காலில் வீழ்ந்து கதறினாள். பதினொரு ராத்தலும் கழித்த இரண்டு ராத்தலும் அரைப்பேரும் அக்கட்டுரையில் எங்கும் இல்லை. எண்கள் இலக்கியத்துக்கு ஆகாதவை என்பது அன்று எனக்கிருந்த உறுதியான கொள்கை.

இவ்விரண்டு கூற்றுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் சில உண்மைகள் புலப்படும். முதலாவது, வினைமுற்றுகள். அப்பாயியின் வாக்கியங்கள் மிகக் குறியவை. 'ஆகையால்', 'ஆயினும்' போன்ற இணைப்புகள் அவற்றில் இல்லை. ஒரு செயல், அடுத்த செயல், அதற்கடுத்த செயல். இவற்றுள் மிகக் கொடியது "முடிச்சேன்" என்னும் ஒற்றைச் சொல் வாக்கியம். காய்ச்சலிற் கிடக்கும் பிள்ளையை நினைத்தபடி ஒரு தாய் நிரையை முடித்தாள் என்னும் செய்தியை, அவளே தன்மை ஒருமையில், எவ்வித விளக்கமும் இன்றிக் கூறுகின்றாள். அடிமைமுறையின் உச்சக்கொடுமை, அடிபடுபவரின் கையைக் கொண்டே காரியத்தை முடித்துக்கொள்வது. "காலில் வீழ்ந்து கதறினாள்" என்று நான் எழுதியபோது, அவர் கூறாத ஒன்றைச் சேர்த்ததோடு அவர் கூறியதையும் பொய்யாக்கினேன். கதறுவதற்கு ஒருவர்க்குக் குறைந்தபட்சம் கேட்பார் உண்டு என்னும் நம்பிக்கையாவது வேண்டும்.

இரண்டாவது, எழுவாய். கங்காணி 'சொன்னாரு' என்பதைத் தவிர, ஏனைய செயல்களுக்கு எழுவாய் இல்லை. 'கழிச்சாங்க', 'போட்டாங்க'. யார் கழித்தார், யார் போட்டார்? தமிழில் எழுவாய் தொக்கு நிற்பது இயல்பே. ஆயினும் இங்கு அது இலக்கண இயல்பு மட்டுமன்று. நிறுத்தவர் ஒருவர், கழிக்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் வேறொருவர், செக்றோலை எழுதியவர் மற்றொருவர், இலாபத்தைக் கணக்கிட்டவர் கொழும்பிலோ இலண்டனிலோ இருந்தவர். இத்தனை பேரையும் அந்தப் பெயரற்ற பலர்பால் விகுதி தன்னுள் அடக்கிக்கொண்டது. நானோ கங்காணியை வேங்கையாக்கினேன். கொடுமை முழுவதையும் ஒரு கொடியவன்மேல் ஏற்றியதும் ஏனையோர் எல்லாரும் தப்பிவிட்டனர். கங்காணி என்பவனும் பெரும்பாலும் அதே கிராமத்திலிருந்து அதே கடனோடு வந்தவன் என்பதைக்கூட என் நடை மறைத்துவிட்டது.

மூன்றாவதும் முதன்மையானதும் அந்த எண்கள். அவை ஏன் அவர் நெஞ்சில் அப்படி நின்றன? அதனை விளங்கிக்கொள்வதற்குத் தோட்டங்களின் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளரின் நிலையை 'அடிமைமுறை' என்று கூறுவது பொருந்துமா என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. அடிமைமுறையை ஒழிப்பதற்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் இயற்றிய சட்டம், இலங்கையை விலக்கியே நிறைவேற்றப்பட்டது. இங்குச் சட்டரீதியான அடிமைமுறை 1844ஆம் ஆண்டிலேயே முற்றாக நீக்கப்பட்டது. அவ்வேளையில் மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் விரைவாகப் பரவிக்கொண்டிருந்தன. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தவர்களே அவற்றில் உழைத்தனர். அவர்களை எவரும் விலைக்கு வாங்கவில்லை. ஆனால் வழிச்செலவும் முற்பணமும் கடனாக அவர்கள் தலையில் ஏறின. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வேலையொப்பந்தத்தை மீறிச் செல்வதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பியவரின் கடன்தொகையைத் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதிக் கொடுப்பர். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி அவரை ஏற்கும். 1901இல் தொடங்கிய தகரச் சீட்டு முறையில், இலக்கம் பொறித்த தகரத் துண்டொன்று தொழிலாளியின் உடலிலேயே தொங்கிற்று. ஆளை விற்கவில்லை, கடனை விற்றனர், ஆள் கடனைத் தொடர்ந்து சென்றார். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளரை அனுப்புவது புதியதோர் அடிமைமுறையாகிவிடும் என 1840இலேயே குடியேற்ற அமைச்சர் ஜோன் றஸல் பிரபு அஞ்சினார்; அத்தொடரையே 1974இல் வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் தம் நூலுக்குத் தலைப்பாக்கினார்.

அப்பாயி தம் வயதை அறியார். "பதுளைக்குக் கோச்சி வந்தப்ப நான் பெரிய மனுசியாகி ரெண்டு வருசம்" என்பார். இருப்புப்பாதை பதுளையை அடைந்தது 1924இல். அவ்வாறாயின் அவர் 1909ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். பண்டாரவளைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து, பத்து வயதளவில், தாய் தகப்பனோடும் தம்பியோடும் நடந்தே இங்கு வந்து சேர்ந்தார். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் குளிரையோ அட்டைக்கடியையோ சொல்லமாட்டார். "நாங்க நாலு பேரு. துண்டு நூத்திப் பத்து ரூவா" என்பார். தம் குடும்பத்தின் விலை என்ன என்பதை அறிந்தே அவர் வளர்ந்தார். பிள்ளை இறந்தது கோச்சி வந்து ஐந்தாறு ஆண்டு கழித்து. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். அரைப்பேர் என்றால் அதிற் பாதி. இருபத்தோரு சதமும் அரையும். அந்த அரைச் சதத்தை அன்று எவ்வாறு தீர்த்தனர் என்பதை நான் அப்பாயியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பார்.

தோட்டம் அவரைப் பற்றி எழுதியது முழுவதும் எண்களாலேயே எழுதப்பட்டது. துண்டிலே ஓர் எண், செக்றோலிலே ஓர் எண், நிறுவையிலே ஓர் எண். அந்த ஏடுகளைப் பொறுத்தவரை அன்று நிகழ்ந்தது ஒரு பெண்ணின் அரைநாள் வேலை குறைந்தமை மட்டுமே. எழுதப் படிக்கத் தெரியாத அவர், அதே கணக்கைத் தம் நெஞ்சிலே வேறொரு பேரேடாக எழுதி வைத்துக்கொண்டார். அந்தப் பேரேட்டில் "புள்ள போயிருச்சி" என்பதும் "அரைப் பேருதான் போட்டாங்க" என்பதும் அடுத்தடுத்த பதிவுகள். தோட்டத்தின் ஏட்டில் முதற்பதிவு இல்லை. என் கட்டுரையில் இரண்டாவது பதிவு இல்லை. இரண்டும் ஒன்றாய் இருந்தது அவர் பேச்சில் மட்டுமே. கொடுமை அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலே இருந்தது. அதனால்தான் அவர் எனக்கு அக்கேள்வியைக் கேட்டார்.

இதனை நான் உணர்வதற்கு மேலும் பத்தாண்டுகள் கழிந்தன. ஆசிரியப் பணியில் அமர்ந்த பின்னர், அமெரிக்க அடிமைகளின் தன்வரலாறுகளைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. பிறெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் முதற் பக்கத்திலேயே நான் அப்பாயியைச் சந்தித்தேன். தம் பிறந்தநாளைத் தாம் அறியார் என்றுதான் அவரும் தொடங்குகின்றார். நடுகைக் காலம், அறுவடைக் காலம் என்று பருவங்களைக் கொண்டே அடிமைகள் தம் பிறப்பைக் கணித்தனர் என்கின்றார். கோச்சி வந்த ஆண்டைக் கொண்டு கணித்த கிழவியின் பேரனுக்கு அப்பக்கத்தைக் கடந்து செல்வது எளிதாயிருக்கவில்லை.

டக்ளஸ் சிறுவனாயிருந்தபோது தம் சிற்றன்னை கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கப்பட்டதைக் கண்டார். அதனை விவரிக்கும் பகுதியில் ஆண்டானின் பெயர் உண்டு. அடித்த முறை உண்டு. அடுத்தது தமக்குத்தான் என்றஞ்சிச் சிறு அறையொன்றினுள் ஒளிந்துகொண்டமை உண்டு. ஆட்களின் பெயர்களும் இடங்களின் பெயர்களும் நூல் முழுவதும் திட்டமாகக் கூறப்படுகின்றன. இதற்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. மேடையில் அவர் பேசிய சிறப்பைக் கண்டோர், இவர் அடிமையாய் இருந்திருக்க முடியாது என்று ஐயுற்றனர். பெயர்களையும் இடங்களையும் வெளியிட்டதால் தாம் பிடிபடக்கூடும் என்பதை அறிந்தும் அவர் எழுதினார். நூல் வெளிவந்த அதே ஆண்டில் கடல் கடந்து அயர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் செல்ல வேண்டியதாயிற்று. துல்லியம் என்பது அவருக்கு நடையழகன்று, சாட்சியம். உருவகத்தை எவரும் மறுக்கலாம். பெயரையும் இடத்தையும் தொகையையும் மறுப்பவர் ஆதாரம் காட்ட வேண்டியவராகின்றார்.

மேரி பிறின்ஸ் என்னும் பேர்மியூடாத் தீவுப் பெண்ணின் வரலாறு 1831இல் இலண்டனில் வெளிவந்தது. அவர் வாய்மொழியாகக் கூற, மற்றொரு பெண் எழுதிக்கொண்டார். சந்தையில் தாம் ஏலத்தில் விற்கப்பட்ட நாளைக் கூறுகையில், சில பவுண்களில் தொடங்கிய கேள்வி ஐம்பத்தேழு பவுணில் முடிந்தது என்று தொகையைக் குறிப்பிடுகின்றார். "துண்டு நூத்திப் பத்து ரூவா" என்னும் குரல் எனக்கு மீண்டும் கேட்டது. அந்நூலின் பதிப்பாசிரியர், பேசியவரின் சொற்களையும் தனிவழக்குகளையும் இயன்றவரை காத்து, கூறியது கூறலையும் பெரும் பிழைகளையும் மட்டுமே களைந்ததாக முன்னுரையிற் கூறுகின்றார். எங்கள் தோட்டத்து மொழியில் சொன்னால், அது கவ்வாத்து. கவ்வாத்து வெட்டுபவனுக்கு எந்தக் கிளையில் உயிர் ஓடுகின்றது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் வெட்டியது உயிர்க்கிளையை.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். கண்ணீரும் எங்கள் மக்களின் நடையன்றோ? ஒப்பாரியும் தாலாட்டும் தோட்டப் பாடல்களும் உணர்ச்சி பெருகும் வடிவங்களன்றோ? உண்மை. அப்பாயியும் இழவு வீடுகளில் ஒப்பாரி வைப்பதில் பேர்போனவர். ஆயின் ஒப்பாரி அந்த நாளுக்குரியது, கூட்டத்துக்குரியது. கட்டிப்பிடித்து அழுவோர் பலர் சேர்ந்து துயரைச் சுமக்கும் வடிவம் அது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, இஸ்தோப்பில் தனித்திருந்து, கொப்பியும் பேனாவுமாய் அமர்ந்த பேரனுக்குச் சொல்வது வேறொரு காரியம். அடிமைகளின் பாட்டைக் கேட்டு அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கின்றனர் என்று பிறர் எண்ணியதை டக்ளஸ் கடிந்துரைக்கின்றார். மிகுந்த துயரிலேயே அவர்கள் மிகுதியாய்ப் பாடினர் என்கின்றார். ஆனால் தம் கதையைச் சொல்ல வந்தபோது அவர் பாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, உரைநடையைத் தேர்ந்தெடுத்தார். பாட்டு துயரை ஆற்றும். கணக்கு, துயருக்குப் பொறுப்பானவரைத் தேடும்.

வடிவம் யாருடைய கையில் இருக்கின்றது என்பதும் கருதத்தக்கது. மலையகத்தின் முதல் அச்சுநூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவரால் இயற்றப்பட்டது. காடு வெட்டுவது முதலாகக் கோப்பிப் பயிர்ச்செய்கையின் முறைகளைக் கும்மி மெட்டில் அது எடுத்துரைக்கின்றது. தோட்ட நிருவாகத்தின் பக்கம் நின்ற ஒருவர் எழுதியது. கும்மி எங்கள் மக்களின் வடிவமே. எண்ணிக்கைகளும் செய்முறைகளும் அதிலும் உள்ளன. ஆயினும் உழைத்தவரின் இழப்புக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஆகவே எண்கள் இருந்தால் மட்டும் போதாது. எவருடைய வரவு, எவருடைய செலவு என்பதே கேள்வி.

பின்வந்தோர் இக்கேள்வியை எதிர்கொண்டனர். சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கும்புர தோட்டத்தில், பெரிய கங்காணியின் குடும்பத்தில் பிறந்தவர். 1970இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலான 'போர்ண் டு லேபர்' தோட்டத்து மனிதர்களை ஒருவர்பின் ஒருவராகச் சித்திரிக்கின்றது. எங்கள் ஊவாவைச் சேர்ந்த தெளிவத்தை ஜோசப் 1934இல் ஹாலி-எலவுக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தார். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்தமையால் அப்பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். 'காலங்கள் சாவதில்லை' நாவலையும் 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதியையும் தந்த அவர் 2022இல் மறைந்தார். லயத்துக் காம்பராவின் நீள அகலத்தையும் அடுப்படியின் புகையையும் அவர் கூறும்போது உரத்த குரல் கேட்பதில்லை. தமிழகத்தில் 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு', ஒடுக்கப்பட்டவர் தம் பேச்சுமொழியிலேயே தம் வாழ்வை எழுதுதல் கூடும் என்பதை ஐயமற நிறுவிற்று. 1978இல் எனக்கு அத்தகைய முன்மாதிரி இல்லை என்று சமாதானம் கூறலாம். ஆனால் என் எதிரே அப்பாயி இருந்தார். வேறு முன்மாதிரி எனக்குத் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

இன்னொரு தவற்றையும் மறைக்காமற் கூறவேண்டும். அப்பாயியின் இளமைக் காலத்தில் ஒரு நாள் உண்டு. அதனருகே பேச்சு வரும்போதெல்லாம், "அந்த நாளு வேணாம் சாமி" என்று சொல்லி விறகு எடுக்கப் போய்விடுவார். என் கொப்பியில் அவ்விடத்து ஒரு கோடு மட்டுமே இருக்கின்றது. கட்டுரையிலோ அக்கோட்டுக்குப் பதிலாக ஒரு காட்சியை நானே கற்பித்து எழுதினேன். இருளும் மின்னலும் காமுகத் துரையும் நிறைந்த காட்சி. பரிசுக்குரியதாக நடுவர்கள் எடுத்துக்காட்டிய பகுதியும் அதுவே. அன்று இஸ்தோப்பில் படித்தபோது, சித்தப்பாமாரின் முன்னிலையில், அதனையும் படித்தேன். குப்பிலாம்பின் வெளிச்சத்தில் அப்பாயியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஹரியற் ஜேக்கப்ஸ் என்னும் கறுப்பினப் பெண் 1861இல், புனைபெயரொன்றில், தம் அடிமை வாழ்வை எழுதினார். ஆண்டானின் பிடியிலிருந்து தப்புவதற்காகக் கூரைக்குக் கீழுள்ள சிறு பரணொன்றில் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஒளிந்திருந்தவர் அவர். பெண்ணுக்கு நேர்ந்த அவமானங்களைக் கூறும் இடங்களில் அவரது நடை தயங்குகின்றது. வாசகரை விளித்துப் பேசுகின்றது. சிலவற்றைச் சொல்லாது விடுகின்றது. அந்தத் தயக்கத்தை இலக்கியக் குறைபாடாகக் கொள்வது அறியாமை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தீர்மானிக்கும் உரிமையே அடிமையிடமிருந்து பறிக்கப்பட்டது. தன் கதையைத் தானே கூறும்போது அவ்வுரிமையை அவள் மீட்டுக்கொள்கின்றாள். அப்பாயி விறகு எடுக்கப் போனது தம் உரிமையை நிலைநாட்டிய செயல். நான் அதனையும் எடுத்துக்கொண்டேன்.

அப்பாயி 1982இல் காலமானார். அக்கட்டுரையைப் பற்றி நாங்கள் பின்னர் ஒருபோதும் பேசவில்லை.

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமை நினைவுகூரப்பட்டது. முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமொன்றும் இடம்பெற்றது. அக்காலந்தொட்டு, தோட்டப்புறங்களிலிருந்து வந்த மாணவர் பலர் தம் பாட்டன் பாட்டியரின் கதைகளை எழுதிக்கொண்டு என்னிடம் வருகின்றனர். அவற்றிற் பலவற்றில் மலைகள் அழுகின்றன; தேயிலை சிவக்கின்றது; குருதி ஆறாய் ஓடுகின்றது. அவர்களை நான் குறைகூறுவதில்லை. அவர்களின் ஒவ்வொரு பக்கத்திலும் என் பழைய முகத்தையே காண்கின்றேன். அவர்களிடம் நான் கேட்பது சில கேள்விகளை மட்டுமே. உன் பாட்டி எத்தனை ராத்தல் என்று சொன்னாள்? எதனை முதலிற் சொன்னாள்? எதைச் சொல்லாமல் எழுந்து போனாள்? எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினாயா?

சிலருடைய பாட்டிமார் இன்னும் உயிரோடிருக்கின்றனர். அவர்கள் என்னிலும் பேறு பெற்றவர்கள்.

அப்பாயியின் கூற்றை இக்கட்டுரையின் தொடக்கத்தில் அவர் சொன்னபடியே தந்துள்ளேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை. ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. கொப்பியில் கோடிட்டிருந்த இடம் கோடாகவே இருக்கின்றது. நாற்பதாண்டுகளுக்கு மேல் தாமதித்து, அவர் கேட்ட கேள்விக்கு இப்பொழுதேனும் விடை சொல்லுகின்றேன்: எழுதிவிட்டேன் அப்பாயி, அன்றைக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்.